மஞ்சள் நீக்கிய வரி

மஹதியும் பிரணவும் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே ஐஸ் கொட்டகைக்குள் ஒரு மனிதரைக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். பட்டினப்பாக்கத்தில், காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், நாலு பேர் பார்க்க நடந்த மிதி அது. நாலு பேர் என்று சொன்னது பேச்சுக்கு. நாற்பது பேராவது நின்றிருப்பார்கள், ஒருத்தரும் தடுக்கவில்லை. தடுக்க யாருக்கும் மனசு வரவில்லை என்பதே உண்மை. முந்தின நாள் காலை அதே கொட்டகையில், ஐஸ் உடைக்கிற மிஷினில், காவேரி என்கிற இருபத்தாறு வயசுப் பெண்ணின் வலது கை மணிக்கட்டு வரைக்கும் போயிருந்தது.

மிதித்தவன் காவேரியின் அண்ணன் பாரத். மிதி வாங்கியவர் ஷரீஃப். தி. நகரில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, இந்த மாதிரிச் சின்ன மிஷின்களுக்கு புரோகிராம் எழுதிக் கொடுக்கிறவர். ஐஸ் மிஷினின் டச் ஸ்கிரீனில் ஓடுவது அவர் எழுதியதுதான்.

“நின்னுடும்னு சொன்னியேடா! மூடியத் தொறந்தா தானா நின்னுடும்னு சொன்னியே! எங்கடா நின்னுச்சு?”

“புக்குல போட்டிருக்கு நைனா! சத்தியமா புக்குல போட்டிருக்கு! அதப் பாத்துதான் செஞ்சேன்!”

ஷரீஃப் இரண்டு கையாலும் ஒரு புத்தகத்தை முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தார். அடியைத் தடுக்க அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். பாரத் அதைப் பிடுங்கி, கம்பிச் சுருள் போட்ட விளிம்பாலேயே அவர் வாயில் அடித்தான். உதடு கிழிந்தது. இரண்டாவது அடியில் ஒரு பல் உடைந்து ரத்தத்தோடு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது அடியில் புத்தகம் பறந்து போய் ஈரத் தரையில் விழுந்தது.

நீல அட்டை. மஹதிக்கு அது தெரியும். அந்த அட்டையைப் போட்டவளே அவள்தான். உள்ளே இருக்கிற நாற்பத்துமூன்று பக்கங்களையும் எழுதியவளும் அவள்தான். ஷரீஃப் எந்த வரியைச் சொல்கிறார் என்று திறந்து பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. முப்பத்தொன்றாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி.

வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. அவள் திறக்கவில்லை. அதிர்ச்சி, குழப்பம் என்று இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. பயந்தாள், அவ்வளவுதான். அந்தச் செருப்புக் கால் தன் முகத்தில் இறங்குவதை நினைத்துக்கொண்டு நின்றாள்.

“வாயத் தொறக்காதே மஹதி. நாம பேசாம பாத்துண்டு போயிடலாம்” என்று பிரணவ் அவள் காதருகே முணுமுணுத்தான்.

போலீஸ் ஜீப் வந்துதான் ஷரீஃபைத் தூக்கியது. இரண்டு கான்ஸ்டபிள்கள் கக்கத்தில் கை கொடுத்து நடத்திப் போகும்போது அவர் பிரணவைப் பார்த்துவிட்டார். மோட்டாரை இயக்குகிற எலக்ட்ரானிக் போர்டை மிஷினில் மாட்ட முன்பு வந்தவன் பிரணவ். அந்த முகத்தை அவருக்குத் தெரியும்.

“சார், நீங்க கம்பெனி ஆளுதானே? மேடம், நீங்களாச்சும் சொல்லுங்க மேடம். மிச்சம் இருக்கற கட்டளைய அழிக்கறதுக்கு ரெண்டு லைன் என் புரோகிராம்லயே இருந்துச்சு. உங்க புக்க படிச்சிட்டுதான் எடுத்தேன். டிரைவரே அழிச்சிடும்னு போட்டிருந்துச்சே!”

மஹதி தரையைப் பார்த்தாள். தரையில் ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மிஷினைக் கழுவி விட்டிருந்தார்கள். இருந்தாலும் அதன் இரும்புப் பற்களுக்குப் பின்னால், குழாய்த் தண்ணீர் எட்டாத இடத்தில், சேலையின் ஒரு துணுக்கு சிக்கியிருந்தது.

பாரத் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பினான். முப்பது வயசுக்காரன், தோளெல்லாம் உப்பும் வியர்வையும்.

“நீங்க யாரு?”

“மிஷின் சர்வீசுக்கு வந்தோம்” என்றான் பிரணவ். என்ன நடந்தது என்று பார்த்து வரத்தான் கம்பெனி அவர்களை அனுப்பியிருந்தது. பொய் சொல்லக்கூட அவனுக்கு முழு மூச்சு வரவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை. கம்ப்யூட்டரில் ஓடுகிற எந்த புரோகிராமும் நேராகப் போய் மோட்டாரைத் தொட்டுவிட முடியாது. நடுவில் ஒரு ஆள் வேண்டும். கவுண்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் சீட்டு நீட்டுவது மாதிரி, புரோகிராம் ‘ஓடு’ என்று ஒரு சீட்டை நீட்டும், ‘நில்’ என்று ஒரு சீட்டை நீட்டும். உள்ளே இருக்கும் டிரைவர் அவற்றை வாங்கி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றாக மோட்டாரிடம் சொல்லும். போர்டைச் செய்து விற்கிற கம்பெனியில் டிரைவரை எழுதியவன் பிரணவ். அதனிடம் எப்படிச் சீட்டு நீட்ட வேண்டும், நீட்டினால் உள்ளே என்ன நடக்கும் என்று வெளியாட்களுக்கு எழுதிக் கொடுப்பது மஹதியின் வேலை. ஷரீஃப் மாதிரி ஆட்களால் கவுண்ட்டருக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அவர்களுக்கு எல்லாமே அந்தப் புத்தகம்தான்.

மஹதிக்கு ஒரு வழக்கம் உண்டு. இன்னும் சரிபார்க்காத வரிகளுக்கு மஞ்சள் அடித்து வைப்பாள். பிரணவ் பார்த்து ‘சரி’ என்று சொன்ன பிறகு மஞ்சளை எடுப்பாள். நல்ல வழக்கம்தான், கடைசி நாள் வரைக்கும் அது ஒழுங்காக நடக்கும். கடைசி நாளில் என்ன நடக்கும் என்றால், முதலாளி கஸ்தூரிரங்கன் வந்து அவள் தோளுக்கு மேல் ஸ்கிரீனைப் பார்ப்பார். “என்னம்மா இது, மஞ்சக் காமாலை பிடிச்ச மாதிரி இருக்கு? கஸ்டமர் பாத்தா என்ன நெனப்பான்?” என்பார். அவள் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, ஒரே தட்டில் நிறம் இல்லாமல் ஆக்கிவிட்டு அனுப்புவாள். பார்த்த வரிக்கும் பார்க்காத வரிக்கும் அதோடு வித்தியாசம் போய்விடும்.

முப்பத்தொன்றாம் பக்கத்து வரியைத் தமிழில் சொன்னால் இதுதான்: ‘மூடி திறக்கப்பட்டதும் டிரைவர் மோட்டாரை நிறுத்திவிடும், வரிசையில் காத்திருக்கும் கட்டளைகள் அனைத்தையும் அழித்துவிடும்.’ பழைய போர்டு ஒன்றின் புத்தகத்திலிருந்து அவள் தூக்கிப் போட்ட வரி. புது டிரைவரும் அப்படித்தான் செய்யுமா என்று பிரணவுக்கு மூன்று மெயில் போட்டாள். “அப்பறம் பாக்கறேன்” என்று ஒரு பதில் வந்தது. இத்தனைக்கும் அவள் மேஜைக்கு எதிரிலேயே போர்டோடு மாட்டிய டெமோ மோட்டார் ஒன்று சும்மா கிடந்தது. போட்டுப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷம்.

அந்த ஐந்து நிமிஷத்தை அவள் அன்றைக்கு மத்தியானம்தான் செலவழித்தாள். அடையாறு ஆபீசுக்குள் நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல் மோட்டாரை ஓட விட்டாள். ‘ஓடு’ என்று ஒரு சீட்டு. மூடி திறந்தது மாதிரி, அதன் சுவிட்சை விரலால் விடுவித்தாள். மோட்டார் நின்றது, நின்றபடியே இருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. மறுபடி ஓட விட்டாள். இந்த முறை ‘ஓடு’, ‘ஓடு’ என்று இரண்டு சீட்டு. சுவிட்சை விடுவித்தாள். மோட்டார் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மூடி திறந்தே இருக்க, யாரும் எதையும் தொடாமல், மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது.

இரண்டாவது சீட்டு வரிசையில் அப்படியே இருந்திருக்கிறது. டிரைவர் ஐந்து செகண்ட் பிரேக் பிடித்துவிட்டு, அடுத்த சீட்டை எடுத்து வேலையைத் தொடர்ந்திருக்கிறது. காவேரிக்கும் இதுதான் நடந்திருக்க வேண்டும். ஐஸ் சிக்கியதும் மூடியைத் திறந்திருப்பாள். மோட்டார் நின்றதைப் பார்த்திருப்பாள். பார்த்துவிட்டுத்தான் கையை விட்டிருப்பாள்.

மஹதி குப்பைத் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

கஸ்தூரிரங்கன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பிரணவ் ஏற்கனவே அங்கே இருந்தான். மைலாப்பூரில் மூன்று தலைமுறையாகச் சொந்த வீடு, மார்கழி முழுக்கக் கச்சேரி, யாரையும் அதட்டிப் பேசாத மனிதர் என்றெல்லாம் கஸ்தூரிரங்கனுக்கு நல்ல பெயர் உண்டு. அதட்டாமலேயே கழுத்தை அறுக்கத் தெரிந்தவர் என்பது கூட வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

“உக்காரும்மா. தண்ணி குடி. ஆனது ஆயாச்சு, பாவம் அந்தப் பொண்ணு. இப்போ நாம பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த வரியத் திருத்திடு. போன மாசத் தேதி போட்டு, நம்ம வெப்சைட்ல ஏத்திடு. திருத்தின புஸ்தகம் அங்கேயேதான் இருந்தது, அவர்தான் எடுத்துப் பாக்கலேன்னு ஆயிடும்.”

“ஷரீஃபை இப்பவே அடிச்சுப் போட்டிருக்கா சார். பல்லு போயிடுத்து. இதையும் அவர் தலையில கட்டினா ஜெயிலுக்குத்தான் போவார்.”

“அடி வாங்கினவர் வாங்கியாச்சு. இன்னொருத்தரும் எதுக்கு வாங்கணும்? நன்னா யோசிச்சுப் பாரு, அந்தக் கூட்டம் உன்னைத் தேடிண்டு வந்தா என்ன ஆகும்?”

பயம் காட்டுகிறார் என்று தெரிந்தும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இதே போர்டு இன்னும் நாலு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திருவான்மியூரில் ஒன்று, ஆதம்பாக்கத்தில் ஒன்று, ஊருக்கு வெளியே இரண்டு. நாலு இடத்திலும் யாராவது ஒருத்தர் அவளுடைய வரியை நம்பிக் கையை விட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் மடியில் இருந்த லேப்டாப்பைத் திறந்தாள். ‘மிஷினை உடனே நிறுத்துங்கள். பக்கம் 31இல் உள்ளது தவறு’ என்று எல்லோருக்கும் ஒரு மெயில் அடிக்க ஆரம்பித்தாள்.

கஸ்தூரிரங்கன் கண்ணைக் காட்டினார். பிரணவ் எழுந்து வந்து லேப்டாப்பைப் பிடித்தான். அவள் விடவில்லை. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். நாலு வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பகிர்ந்து சாப்பிட்ட பையன், எலும்பு நொறுங்குகிற மாதிரி முறுக்கினான். “விடு மஹதி! என் வாழ்க்கையும் இதுல இருக்குடீ!” என்று அழுதுகொண்டே முறுக்கினான். அவள் குனிந்து அவன் கையைக் கடித்தாள். அவன் மற்ற கையால் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கண்ணாடி தெறித்துச் சுவரில் மோதி உடைந்தது. மேஜை மேல் இருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் அவள் கைக்கு அகப்பட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை, அவன் மூக்கில் வீசினாள். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. பிரணவ் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்கில் வழிந்த ரத்தம் கீபோர்டில் சொட்டியது. அந்த ரத்தத்தின் மேலேயே விரலை வைத்து அவள் மெயிலை அனுப்பினாள்.

“அம்மாடி” என்றார் கஸ்தூரிரங்கன். நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை. “நீ பண்றது தற்கொலைம்மா.”

மஹதி தன் டிராயரில் இருந்து பழைய பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டாள். கடைசி நாளுக்கு முன்னால் அச்செடுத்தது. முப்பத்தொன்றாம் பக்கத்து வரி அதில் மஞ்சளாக இருந்தது.

நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம். புத்தி உள்ளவர்கள் அதைத்தான் செய்வார்கள். ஆனால் காலையில் அவள் வாய் மூடி நின்ற இடம் ஐஸ் கொட்டகை. அங்கேயே போய்த் திறந்தால்தான் தன்னைத் தானே சகித்துக்கொள்ள முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று மணிக்கு அவள் போனபோது பாரத்தும் ஏழெட்டு ஆட்களும் இருந்தார்கள். மீனுக்கு ஐஸ் வேண்டுமே, மிஷினை மறுபடி ஓட்டுவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அந்தப் புக்க எழுதினது நான்தான்” என்றாள் மஹதி. “தப்பு ஷரீஃப் மேல இல்ல. அவர் என் புக்கை நம்பினார். நான் எழுதின வரி தப்பு.”

பாரத் அவளை மேலும் கீழும் பார்த்தான். கன்னம் வீங்கி, கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவளை அடையாளம் தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“காத்தால வந்தவதான நீ? அந்தாள நான் அந்த மிதி மிதிக்கறப்போ வாய மூடிக்கினு நின்னுகினு இருந்தியே?”

“ஆமா.”

அவன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தான். வழுக்குகிற தரையில் அவள் விழுந்து, முட்டி தேய, இழுபட்டபடியே மிஷின் வரைக்கும் போனாள். ஒருத்தர் “பொம்பளப்பா, வுடு” என்றார். பாரத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பின்வாங்கினார்.

“உன் புக்குல இன்னா போட்டுகினு கீது? படி.”

“மூடியத் தொறந்தா மோட்டார் நின்னுடும். காத்துண்டு இருக்கற கட்டளை எல்லாம் அழிஞ்சுடும்.”

“நின்னுடுமா? அப்போ நீயே கைய வை.”

அவன் மூடியைச் சாத்தி ஸ்கிரீனில் பட்டனை அமுக்கினான். இரும்புப் பற்கள் உறுமிக்கொண்டு சுழன்றன. மூடியைத் தூக்கினான். பற்கள் நின்றன. அவள் கையை, புத்தகத்தைப் பிடித்திருந்த வலது கையை, மணிக்கட்டோடு பிடித்து உள்ளே திணித்தான். சில்லென்ற இரும்பு அவள் விரல்களில் பட்டது. அவள் கத்தினாள். கத்தலை அடக்க அவளால் முடியவில்லை.

ஐந்து செகண்ட் போயிற்று. பத்து செகண்ட் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

“ஓடலியே” என்றான் பாரத். குரலில் ஒரு குழப்பம். “நின்னுகினுதான் கீது. புக்கு சரியாத்தான் போட்டுக்கீது. அப்போ அந்த ஷரீஃப்தான…”

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். மஹதி அந்தக் கணத்தில் எழுந்து, கையை உதறிக்கொண்டு, வீட்டுக்குப் போயிருக்கலாம். மிஷினே அவளுக்குச் சாட்சி சொல்லிவிட்டது. அப்படிப் போய்விட அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

“ஒரு தடவை அமுக்கினா ஓடாது” என்றாள். “ரெண்டு தடவை அமுக்கணும். ரெண்டாவது கட்டளை உள்ளயே தங்கிடறது. அஞ்சு செகண்ட் கழிச்சு அது ஓட்டிடும். ஸ்கிரீன் மெதுவா இருந்தா எல்லாரும் ரெண்டு தடவை அமுக்குவா. நேத்திக்கு யார் அமுக்கினா?”

கொட்டகையில் நின்றவர்கள் ஒவ்வொருத்தராகத் தலையைத் திருப்பி பாரத்தைப் பார்த்தார்கள்.

அவன் முகம் மாறியதை மஹதி பக்கத்தில் இருந்து பார்த்தாள். காலையில் ஷரீஃபை மிதித்தபோது அவன் உண்மையில் யாரை மிதித்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“பொய் சொல்றே” என்றான். “பொய் சொல்றே நீ!” மூடியை ஓங்கிச் சாத்தினான். பட்டனை அமுக்கினான், மறுபடி அமுக்கினான். பற்கள் சுழன்றன. மூடியைத் தூக்கினான். நின்றன. “வை! இப்போ வை கைய!” அவள் கையை மறுபடி உள்ளே அழுத்தினான். முழு உடம்பையும் அவள் மேல் சாய்த்து அழுத்தினான்.

“ஒண்ணு” என்றாள் மஹதி. “பாரத், விடுங்கோ. ரெண்டு. ஓடிடும். மூணு. சத்தியமா ஓடிடும்!”

அவன் விடவில்லை. அவன் கண்கள் பற்களின் மேலேயே இருந்தன. ஓடக்கூடாது, ஓடக்கூடாது என்று அவன் உதடு அசைந்தது.

ஓடியது.

பற்கள் முதலில் புத்தகத்தைக் கவ்வின. அது தடிமனாக இருந்ததால் ஒரு நொடி திணறின. அந்த ஒரு நொடியில் பாரத் அலறிக்கொண்டு அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். மஹதி கையைத் தூக்கிப் பார்த்தாள். நடுவிரலின் நுனி, நகத்தோடு, இல்லை. மூடி திறந்த மிஷின் தானாக ஓடிக்கொண்டே, நாற்பத்துமூன்று பக்கங்களையும் மென்று தூளாக்கி வெளியே துப்பியது. யாரோ ஓடிப்போய் மெயினை இறக்கினார்கள்.

பாரத் எழுந்தான். ஐஸ் உடைக்கிற மரச் சுத்தியலை எடுத்தான். தன் வலது கையைத் திண்டின் மேல் விரித்து வைத்து, ஆள்காட்டி விரலில் ஓங்கி ஒரு போடு போட்டான். “இந்த வெரலுதான். இந்த வெரலுதான் அமுக்குச்சு. எந்தங்கச்சி கைய நானே…” இரண்டாவது அடிக்கு ஓங்கும்போது மஹதி தவழ்ந்து போய் அந்தக் கையின் மேல் படுத்துவிட்டாள். சுத்தியல் அவள் முதுகில் இறங்கியது. அவளுக்கு மூச்சே நின்றுபோயிற்று.

“உங்க விரல் இல்ல” என்றாள், பேச்சு வந்ததும். “ரெண்டு தடவை அமுக்கறது ஒரு தப்பா? எல்லாரும்தான் அமுக்கறா. அழிச்சுடும்னு நான் எழுதினேன். பாக்காம எழுதினேன். அது என் வரி, பாரத். உங்க விரல் இல்ல.”

அவன் சுத்தியலைப் போட்டுவிட்டு, அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, கடற்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதான்.

சாயங்காலம் அவனே அவளைத் தன் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். முதலில் ஆஸ்பத்திரிக்கு, விரலுக்குக் கட்டுப் போட. பிறகு ஸ்டேஷனுக்கு. வாயில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஷரீஃப் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாரத் அவர் முன்னால் போய் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஷரீஃப் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாரத் நின்றுகொண்டே இருந்தான்.

ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதுபவரை ரைட்டர் என்பார்கள். அந்த ரைட்டர் வயசானவர், இரக்கமுள்ளவர். மஹதி சொல்லச் சொல்ல எழுதிவிட்டுப் படித்துக் காட்டினார். “…மேற்படி வரியை கம்பெனியில் கொடுத்த தகவலின் பேரில் எழுதினேன். சரிதானம்மா?”

“தகவல் யாரும் கொடுக்கல.”

“கொடுத்தாங்கன்னு போட்டா உங்களுக்குத்தாம்மா நல்லது.”

“அத எடுத்துடுங்க சார். தெரியாமலே எழுதினேன்னு போடுங்க. சரிபார்க்கலைன்னு வெச்சிருந்த மஞ்சளையும் நானே எடுத்தேன்னு போடுங்க. மூணு மெயில் போட்டேன், அப்பறம் பாக்கறேன்னு ஒரு பதில்தான் வந்தது, அதையும் போடுங்க. முதலாளி தேதியை மாத்தச் சொன்னதையும் போடுங்க.”

“இந்த விரல்?”

“பாரத் பிடிச்சு உள்ள வெச்சார். வெளிய இழுத்ததும் அவர்தான். ரெண்டையும் போடுங்க.”

ரைட்டர் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். கட்டுப் போட்ட கையில் பேனா நிற்கவில்லை. கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அடுத்த தாளிலும் போட வேண்டும் என்று அவர் ஃபைலைப் புரட்டியபோது, காலையில் ஆஸ்பத்திரியில் எடுத்த காவேரியின் வாக்குமூலம் மேலே வந்தது. அடியில் நீல மையில் ஒரு ரேகை. அதன் கீழே ரைட்டரின் குறிப்பு: ‘எழுதப் படிக்கத் தெரிந்தவர். வலது கை இல்லாததால் இடது பெருவிரல் ரேகை.’

மஹதி அதை இரண்டு தரம் படித்தாள். எழுதியவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதிய வரி அது.